ரசிகனுக்குக் கதவடைப்பு

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கால்பந்து ரசிகர்களான வாலிபர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



ஒரு தேசத்தின் சர்க்கார் நமக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தேசத்தில் உலகக் கோப்பை ஆட்டம். பார்க்கப் போவதா, வேண்டாமா? அமெரிக்காவை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை இரண்டு ஊரிலும் என்னிடம் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் போவதா வேண்டாமா என்று யோசிக்கும் பாக்கியமே பலருக்குக் கிடையாது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஹைட்டி என்ற ஏழைத் தீவு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-க்குப் பிறகு முதல் தடவையாக, 2025 நவம்பரில் அந்த நாட்டுக் குழு உலகக் கோப்பைக்குத் தேர்வு பெற்றது. உள்நாட்டில் ஆயுதக் கும்பல்களின் அட்டூழியம். சொந்த மைதானத்தில் ஒரு தகுதி ஆட்டம்கூட ஆட முடியாமல், அந்நிய மண்ணில் ஆடியே ஜெயித்தார்கள். ஜனங்கள் தெருவுக்கு வந்து கூத்தாடினார்கள். ஆனால் அதற்கு முன்பே, 2025 ஜூனில், அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் 12 நாட்டுப் பிரஜைகளுக்கு வாசலை அடைத்துப் பிரகடனம் செய்திருந்தார். ஹைட்டியும் ஈரானும் அதில் அடக்கம். உலகக் கோப்பையில் ஆடுபவருக்கும் பயிற்சியாளருக்கும் விலக்கு உண்டு, ரசிகனுக்குக் கிடையாது. "உன் கால் வேண்டும், உன் ஜனங்கள் வேண்டாம்" என்பதுதான் இதன் அர்த்தம். ஆலை முதலாளி தொழிலாளியின் கையை மட்டும் உள்ளே கேட்பதைப் போல!

விசா கிடைக்கிறவனுக்கும் இன்னொரு பூட்டு இருக்கிறது. ரசிகர்களுக்கென ஒதுக்கிய இறுதி ஆட்ட டிக்கெட்டில் மிகக் குறைந்த விலையே 4,185 டாலர் என்று 2025 டிசம்பரில் தெரிந்தது. உலகெங்கும் ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் 60 டாலர் டிக்கெட் கொஞ்சம் ஒதுக்கினார்கள். கொதித்ததால் கிடைத்தது, அதை மறக்க வேண்டாம்.

அமெரிக்காவைத் திட்டினால் இங்கே கைதட்டுவீர்கள். அது சுலபம். நம் வீட்டு வாசலைப் பற்றியும் பேசவேண்டும்.

2012-ல் கொழும்பு ராயல் கல்லூரியின் கால்பந்துக் குழு சென்னைக்கு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் படிக்கிற பள்ளி அது. நேரு ஸ்டேடியத்தில் ஒரு சிநேக ஆட்டம் ஆடினார்கள். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, அவர்களையும் இரத்தினபுரியிலிருந்து வந்திருந்த மற்றொரு பள்ளிக் குழுவையும் உடனே திருப்பி அனுப்ப உத்தரவிட்டார். மைதானத்தில் ஆட அனுமதித்த அதிகாரியைத் தற்காலிக வேலைநீக்கம் செய்தார்கள். அந்த நாட்களிலேதான் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த இலங்கை யாத்திரிகர்களையும் நிம்மதியாகக் கும்பிட விடாமல் விரட்டினார்கள். மறு வருஷம், இலங்கை வீரர்கள் வருவார்கள் என்பதற்காகவே, ஆசியத் தடகளப் போட்டியை நடத்தமாட்டோம் என்று தமிழக சர்க்கார் கைகழுவியது. அது புனாவுக்குப் போயிற்று.

கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நடந்ததை எந்தத் தமிழனும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அங்கே கொல்லப்பட்டவர்களுக்கு நியாயம் வேண்டும், குற்றம் செய்தவன் கூண்டில் ஏறவேண்டும். ஆனால் பந்தும் பூட்ஸும் எடுத்து வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதால் எந்த ராணுவ அதிகாரி கூண்டில் ஏறினான்? ராஜபக்சேக்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. "பாருங்கள், தமிழ்நாட்டார் நம் பிள்ளைகளைக்கூட விடமாட்டார்கள்" என்று சிங்களத் தொழிலாளியிடம் சொல்ல அவர்களுக்கு ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான் லாபம். இதைச் சொன்னபோது திண்டிவனத்தில் ஒரு தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரவாயில்லை, அவர் எழுந்து போகவில்லை.

வாசல் திறந்தால் என்ன நடக்கும்? கார்கில் சண்டை நடந்தது 1999-ல். ஐந்தே வருஷத்தில், 2004-ல், கிரிக்கெட் பார்க்க ஆயிரக்கணக்கான இந்தியர்கள் லாகூருக்கும் கராச்சிக்கும் போனார்கள். கடைக்காரர்களும் டாக்ஸிக்காரர்களும் பலரிடம் காசு வாங்க மறுத்தார்கள். நம் சென்னைப் பிள்ளை லட்சுமிபதி பாலாஜி பாகிஸ்தான் ரசிகர்களுக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். போவதற்குப் பயந்தவர்கள்தான் திரும்பி வந்து ஊரெல்லாம் கதை சொன்னார்கள். பிறகு மும்பையில் 2008-ல் நடந்த பயங்கரம் அந்த வாசலை மூடிற்று. 2025-ல் துபாயில் இரு தேசத்துக் கிரிக்கெட் குழுக்களும் ஆடின. ஆட்டம் முடிந்து கைகூடக் குலுக்கவில்லை. அந்த ஆட்டத்துக்கு டெலிவிஷனில் விளம்பரம் மட்டும் குறையவில்லை.

ஆகவே என் பதில் இது. பணமும் விசாவும் இருக்கிறவர் போகலாம். போவதால் டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர் ஆகிவிடமாட்டீர்கள். போகாதவரும் தேசபக்தியில் ஒரு முழம் உயர்ந்தவரல்ல. ஆனால் போகிறவர், உள்ளே விடப்படாத ஹைட்டிக்காரனை, ஈரான்காரனைப் பற்றி அங்கே வாய்திறந்து பேசவேண்டும். மைதானத்து இருக்கைகளைத் துடைக்கிறவன் எந்த நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன் என்று விசாரிக்கவேண்டும். போகாதவருக்கு இங்கேயே வேலை இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாம் நம் ஜில்லாவில்தான் இருக்கிறது. ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்களின் முகாம். அங்கே பிறந்து, இங்கே படித்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று தேசத்தாரைச் சொல்லியது. இலங்கைத் தமிழரைச் சொல்லவில்லை. உங்களைப் போல அந்தப் பையன் இந்திய பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கோ கத்தாருக்கோ போகமுடியுமா? ஈழத் தமிழருக்காகக் கொதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கொழும்புப் பிள்ளைகளைத் துரத்தினோமே, அதே வேகத்தில் இந்தப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு எத்தனை ஊர்வலம் போனோம்?

குடியுரிமை கோரும் மனுவில் கையெழுத்து வாங்கும் தாள்கள் மேஜையின்மேல் இருக்கின்றன. விழுப்புரத் தோழர்கள் ஜங்ஷன் வாசலிலும், திண்டிவனத்தார் பஸ் நிலையத்திலும் நிற்கலாம். உங்கள் கால்பந்துச் சங்கங்கள் முகாம் பையன்களையும் சேர்த்து ஒரு குழு அமைக்கட்டும். மைதானத்துக்கு அனுமதி வாங்கும் அலைச்சலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.