கேட்கத் தெரிந்த பத்துப் பேர் வேண்டும்

(ஈப்போ அருகே, முன்னாள் தோட்ட மக்கள் குடியிருக்கும் ஒரு தாமானில், உளநல ஆதரவுப் பயிற்சியின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)



"அவன் தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று கேலி பேசாதவர் நம்மில் யார்? 1911-இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் ஊர்ப் பெயரையே வசைச்சொல் ஆக்கிவிட்டோம். பிறகு, மனம் உடைந்தவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறோம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நாள் சம்பளம் நின்றது. இறந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் காரியம் முடித்த குடும்பங்கள் உண்டு. 2021 நடுவில் வாசலில் வெள்ளைக் கொடி கட்டிய வீடுகளுக்கு அரிசி வந்தது. அரிசி தேவைதான். ஆனால், அந்த வீட்டுக்குள் யார் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார் என்று யார் கேட்டார்கள்? போலீஸ் கணக்குப்படி நாட்டில் 2020-இல் 631 தற்கொலைகள், 2021-இல் 1,142.

தோட்டத்தில் லயத்து வீடொன்றில் அழுகைச் சத்தம் கேட்டால் பத்து வீடு எழுந்து வரும். ஆயாக்கொட்டகையிலும் கோயில் வாசலிலும் துக்கத்தை இறக்கி வைக்க ஆள் இருந்தது. தோட்டம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. சம்சுவும் அடிதடியும் அங்கேயும் இருந்தன. ஆனால், ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபோது வேலையையும் வீட்டையும் மட்டுமா இழந்தோம்? அந்தப் பத்து வீட்டையும் இழந்தோம். எந்த நட்ட ஈட்டுக் கணக்கிலும் அது ஏறவில்லை.

அதை மீண்டும் உருவாக்க முடியுமா? முடியும். போர்க்கால யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் நின்றவர்களும் ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் தமிழிலேயே பயிற்சி கொடுத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனமும் உள்ளூர்த் தொண்டர்களையே தயார் செய்தது. டாக்டர் வந்து போவார். அண்டை வீட்டார்தான் கூடவே இருப்பார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்றே சொற்கள்: பார், கேள், இணை. யார் ஒதுங்கிப் போகிறார், யார் சாப்பிடவில்லை என்று பாருங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். நடந்ததைச் சொல் என்று தோண்டாதீர்கள், புத்திமதியும் வேண்டாம். சாக நினைக்கிறாரோ என்று தோன்றினால் நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அப்புறம் அவரைக் கிளினிக்கோடும், 15555 உதவி எண்ணோடும், உறவோடும் இணையுங்கள். கேட்டதை வெளியில் சொல்லாதீர்கள். கோயில் வாசலில் ஒரு வார்த்தை கசிந்தால் பிறகு ஒருவரும் உங்களிடம் வரமாட்டார்கள்.

இன்னொன்று. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. போலீசுக்குப் பயந்து இனி மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு இதைச் சொல்லுங்கள்.

நாம் பிச்சை கேட்கவில்லை. பேரிடருக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துப் போகும் பயிற்சி நமக்குப் போதாது. நம் மொழியில், அரசு செலவில், ஆண்டுதோறும் தொடரும் பயிற்சி நம் உரிமை. அதைக் கேட்டுப் பெறுவோம். அதுவரை, தாமானுக்குப் பத்துப் பேர் போதும். அந்தப் பத்தில் ஒருவராக நீங்கள் இருங்கள்.