தலைக்கு மேலே பத்து நிமிடம்



சனிக்கிழமை இரவு நம் ஊர் டீக்கடைகளைக் கவனித்திருப்பீர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சுத் தூசியும் கையில் வாரச் சம்பளமுமாக வெளியே வருகிற பிள்ளைகள் முதலில் செய்வது ஊருக்குப் போன் போடுவதுதான். ஒருவர் ஒடியாவில் பேசுகிறார், ஒருவர் இந்தியில், இன்னொருவர் தேனிப் பக்கத்துத் தமிழில். மொழிதான் வேறு, பேச்சு ஒன்றுதான்: சாப்பிட்டாயா, பணம் வந்ததா, பாப்பா தூங்கிவிட்டாளா.

அப்படி வீட்டை விட்டுத் தூரமாக வேலைக்குப் போன ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் போனது மேலே, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்துக்கு. கணக்குப் பார்த்தால், திருப்பூரிலிருந்து நாம் ரயிலேறிச் சென்னைக்குப் போகிற தூரம்கூட இல்லை. ஆனால் நினைத்தவுடன் திரும்பி வர முடியாத தூரம்.

செர்கேய் கிரிக்கலேவ் என்பது அவர் பெயர். சோவியத் நாட்டுப் பொறியாளர். 1991 மே 18 அன்று மீர் விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். ஐந்து மாத வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டில் மனைவி, கைக்குழந்தை. அவர் மேலே இருக்கும்போதே கீழே நாடு ஆட்டம் காணத் தொடங்கியது. பணம் இல்லை, ராக்கெட்டுகளைக் குறைத்தார்கள். இன்னும் கொஞ்ச காலம் இருக்க முடியுமா என்று கேட்டார்கள், சரி என்றார். அக்டோபர் போய் டிசம்பர் வந்தது. அவரை அனுப்பிய சோவியத் ஒன்றியம் என்ற நாடே இல்லாமல் போயிற்று. அவர் பிறந்த லெனின்கிராட் நகரத்துக்குப் பெயர் மாறியது. அவர் கிளம்பிய பைக்கனூர் ஏவுதளம் வேறொரு நாட்டின் மண்ணாகிவிட்டது. 1992 மார்ச் 25 அன்று அவர் தரையிறங்கியபோது 311 நாட்கள் கடந்திருந்தன. கம்பெனி கைமாறி, பெயர்ப்பலகையும் மாறி, உள்ளே மிஷினில் இருக்கிறவருக்கு மட்டும் யாரும் சொல்லாமல் விட்ட கதைகளை நாம் இங்கேயும் கேட்டிருக்கிறோம் அல்லவா?

அந்த நாட்களில் கிரிக்கலேவோடு பேசியது யார்? தரைக் கட்டுப்பாட்டு மையம் பேசியது, அது வேலைப் பேச்சு. ஆனால் மீர் நிலையத்தில் சிறிய ஹாம் ரேடியோ ஒன்றும் இருந்தது. ஆஸ்திரேலியாவில் மார்கரெட் யாக்விண்டோ என்ற பெண்மணி தம் வீட்டு வானொலியிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு காலம், நாளுக்கு ஒருமுறை, அவரோடு தொடர்பு கொண்டார். வெறும் குரல் மட்டுமல்ல. கணினியில் தட்டச்சு செய்த செய்திகளையும் வானொலி அலை வழியே அனுப்பினார். உலகச் செய்திகளை விண்வெளி வீரர்கள் தணிக்கையின்றிப் படிக்க ஓர் அறிவிப்புப் பலகை போன்ற ஏற்பாட்டையும் செய்து கொடுத்தார். அரசியலும் பேசினார்கள், சொந்தக் கதையும் பேசினார்கள். அந்த அம்மாவை யாரும் இந்த வேலைக்கு நியமிக்கவில்லை. சம்பளமும் இல்லை.

ஹாம் ரேடியோவை அமெச்சூர் வானொலி என்கிறோம். அமெச்சூர் என்றால் அரைகுறை என்று நாம் பொருள் கொள்கிறோம். லத்தீனில் அதன் வேர் ‘அன்பு செய்தல்’. அன்பினால் செய்கிறவர் என்பதே பொருள். இதற்குத் தேர்வு உண்டு, அரசு உரிமம் உண்டு. நம் நாட்டில் 12 வயது நிரம்பினால் எழுதலாம். உரிமம் பெற்றவருக்கு வி.யு. என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். ஆனால் அந்த அலைவரிசையில் வியாபாரம் பேசக் கூடாது, காசு வாங்கக் கூடாது. பீஸ் ரேட்டில் பிழைக்கிற நம் ஊருக்கு இது விசித்திரமாகத்தான் தோன்றும்!

விண்கலத்திலிருந்து முதன்முதலில் இப்படிப் பேசியவர் அமெரிக்கர் ஓவன் கேரியட். 1983-இல் கொலம்பியா விண்ணோடத்தில் கையடக்கமான ஒரு பெட்டியைக் கொண்டுபோனார். ஓய்வு நேரத்தில் அவரோடு பேசியவர்களில் ஜோர்டான் நாட்டு மன்னர் உசேன் ஒருவர். கேரியட்டின் தாயாரும் பேசினார். மகன் தலைக்கு மேலே பறக்கிறான், அம்மா கீழே இருந்து குரல் கொடுக்கிறார். அதற்கு மேல் நாம் என்ன சொல்ல இருக்கிறது?

இப்போது அண்மைச் செய்திக்கு வருவோம். 2025 ஜூன் 25 அன்று புறப்பட்ட நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லா, பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து ஜூலை 4 அன்று ஹாம் ரேடியோவில் பேசினார். பெங்களூரு யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடியிருந்த பள்ளிப் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். அந்த உரையாடல் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நிலையம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஒன்றரை மணி நேரத்தில் உலகைச் சுற்றிவிடுகிறது. ஓர் ஊரின் அடிவானத்தில் எழுந்து மறு அடிவானத்தில் மறைய, நன்றாக அமைந்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகப் பல வாரங்கள் தயாராகிறார்கள். ஆண்டெனாவை நிலையம் போகும் திசையிலேயே திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கேள்வியைச் சுருக்க வேண்டும். ஒருவர் பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த ஓவரெல்லாம் ஓவர்லாக்கும் ஓவர்டைமும்தான். இந்த ஓவருக்கு ‘நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு’ என்று பொருள்.

காரணம் இதுதான்: பேசுவதற்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்திக்கொண்டிருக்கும் வரை மறுமுனையின் குரல் கேட்காது. விரலை எடுத்தால்தான் கேட்கும். வீட்டில் நம் பேச்சை நினைத்துப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு அப்பா வருகிறார், பத்து மணிக்குப் பிள்ளை தூங்கிவிடுகிறது. கிடைத்த கொஞ்ச நேரத்தில் ‘ஹோம்வொர்க் எழுதினாயா, டியூசன் போனாயா’ என்று பொத்தானை அழுத்தியபடியே இருக்கிறோம். பிள்ளை ஏதோ சொல்லத்தான் வந்தது. அதற்குள் அடிவானம் வந்துவிட்டது.

ஹாம் வானொலியாளர்கள் தங்கள் பாதுகாவலராகக் கருதுவது நம் திரு அவையின் புனிதர் ஒருவரைத்தான். புனித மாக்சிமிலியன் கோல்பே போலந்து நாட்டில் துறவு மடத்திலேயே வானொலி நிலையம் அமைத்தவர். ஆஷ்விட்ஸ் முகாமில் 1941-இல், மனைவி மக்களை நினைத்துக் கதறிய ஒரு கைதியின் குரல் அவர் காதில் விழுந்தது. அந்த மனிதருக்குப் பதிலாகத் தாமே சாகப் போனார். கதறியது எல்லோர் காதிலும்தான் விழுந்திருக்கும்.

இதை நாம் பிறருக்குச் சொல்லும் தகுதியோடு சொல்லவில்லை. நம் பங்கிலேயே ஞாயிறு முதல் திருப்பலிக்கு வந்து, கடைசித் தூணருகே நிற்கிற ஓர் இளைஞர் உண்டு. மூன்று ஆண்டுகளாக வருகிறார். ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா பக்கத்துக்காரர், டையிங்கில் வேலை. இந்த விவரம்கூட நமக்குப் போன மாதம்தான் தெரியும். அதுவரை காணிக்கைத் தட்டை அவர் முன்னாலும் நீட்டினோம், சமாதானம் சொல்லிக் கைகூப்பினோம், அவ்வளவுதான். மொழி தெரியாதே என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அவருக்கோ தமிழ் நன்றாகவே வந்தது. டையிங் பட்டறையில் கற்றிருக்கிறார்.

அன்று ஆலய வாசலில் அவர் போன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, மெல்லக் கேட்டோம். இரண்டாவது மகள் பிறந்து எட்டு மாதமாம், இன்னும் நேரில் பார்க்கவில்லையாம். போனில் படத்தைக் காட்டினார். நாம் அருகில் போய்ப் பார்த்தோம். பிறகு அவர்தான் பேசினார்: ஊரில் இருக்கிற ஆலயம், அம்மாவின் கண் ஆபரேஷன், ரயில் டிக்கெட் கிடைக்காத கதை. இரண்டாம் திருப்பலிக்கு மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.