கடல் கடந்த அரிதாரம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காரைக்குடியில் கூடிய ஓர் இலக்கிய அவையில் கம்பனும் காவியமும் இருக்க, முகப்பூச்சையும் தோரணத்தையும் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இந்த மண்ணின் மக்கள் பல தலைமுறைகளாகக் கடல் கடந்து வாழ்ந்தவர்கள். அயல்நாட்டில் ஒரு திருநாள் வரும்போது, ஒரு கூத்து ஆட வேண்டி வரும்போது, வேடத்துக்கும் விழாவுக்கும் வேண்டிய பொருளை எங்கே தேடுவது என்பது அவர்கள் வீட்டுக் கேள்வி. அதற்கு அவர்கள் கண்ட விடைகளில் கவிதை எழுதுவோர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். நடிப்புத் தொழிலை 'அரிதாரம் பூசுதல்' என்று தமிழில் வழங்குவர். இன்று அச்சொல் எவ்வகை ஒப்பனையையும் குறிக்கும். அதன் முதற்பொருளோ ஒரு கல். ஆர்சனிக்கும் கந்தகமும் கூடிய மஞ்சள் நிறக் கனிமம் அது. சித்த மருத்துவர் அதனைத் தாளகம் என்பர். அதற்கு நெருங்கிய உறவான மனோசிலை செந்நிறம் உடையது. இரண்டையும் சித்த மருத்துவம் பாடாணங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. நஞ்சென்று தெரிந்த கல்லை இழைத்து, எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு, விடிய விடிய ஆடியது ஒரு மரபு. கேரளத்துக் கதகளியில் மனயோலை என்ற பெயரில் அந்தக் கல் இன்றும் தேங்காய் எண்ணெயில் குழைகிறது.

முத்துவெள்ளை, செந்தூரம், விளக்குக் கரி ஆகியவை சேர்ந்தால் தெருக்கூத்தின் முகம் நிறைந்துவிடும். முடியும் புஜகீர்த்தியும் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்பெற்று, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டப்பெறும். இவையெல்லாம் நாட்டு மருந்துக் கடையிலும் தச்சுப் பட்டறையிலும் அடுப்பங்கரையிலும் கிடைத்தவை. ஊரைவிட்டுக் கிளம்புகிறவனோடு அந்தக் கடையும் பட்டறையும் கப்பலேறுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் நாடகக் குழுக்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் சென்று வந்தன. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சந்தித்ததே 1926-இல் இலங்கையில்தான். அக்காலத்தில் உலகின் மேடைகளை வேறொரு வகைப் பூச்சு ஆண்டுகொண்டிருந்தது. லுட்விக் லைக்னர் என்ற இசைநாடகப் பாடகர் 1873-இல் பெர்லினில் தொடங்கிய தொழிற்கூடத்தில் கொழுப்பில் குழைத்த நிறக் குச்சிகள் உருவாயின. ஒவ்வொரு குச்சிக்கும் ஓர் எண் உண்டு. எண் 5 தந்த நிறம். எண் 9 செங்கல் நிறம். இவ்விரண்டையும் கலந்து பூசிக்கொள்வது இங்கிலாந்து மேடையில் இயல்பான முகத்துக்குரிய வழக்கமாயிற்று.

யாருடைய இயல்பான முகம் என்பதை இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்தக் குச்சிகள் ஐரோப்பியத் தோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. மேடை விளக்கில் வெளிறிப் போகும் தோலுக்கு அதன் நிறத்தையே மீண்டும் தருவது அவற்றின் வேலை. கூத்தின் நிறத்துக்கு வேலை வேறு. அது தோலைப் பின்பற்றுவதில்லை. பாத்திரத்தின் குணத்தைச் சொல்கிறது. துரியோதனன் சிவப்பு முகத்தோடு திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும்போது, அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவை அவனை அறிந்துகொள்கிறது. ஆகவே அயல்நாட்டுக் கடையில் ஒப்பனைப் பொருள் கேட்டு நிற்கும் கூத்தன் முதலில் தன்னையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டியவனாகிறான். அவன் தேடுவது ஊரில் இருந்த அந்தப் பொருளையா, அந்தப் பொருள் ஊரில் செய்த வேலையையா?

இக்கேள்விக்குத் தமிழர் இருவேறு விடைகள் கண்டிருக்கின்றனர்.

முதல் விடை செட்டிநாட்டு விடை. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் பெட்டியடி போட்டு அமர்ந்த நகரத்தார், டாங்க் சாலையில் தண்டாயுதபாணிக்கு 1859-இல் கோயில் எழுப்பினர். பினாங்கிலும் அவர்களுக்குத் தண்டாயுதபாணி கோயில் உண்டு. அங்கே தைப்பூசத்தில் முருகன் உலா வருவதற்குத் தேர் வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் பினாங்கில் பொருள் தேடவில்லை. காரைக்குடியில் செய்யப்பெற்ற வெள்ளித் தேர் 1894-இல் கடல் கடந்து போய்ச் சேர்ந்தது. இந்த ஊர்க் கைகள் தட்டிய வெள்ளித் தகடு இன்றும் அந்தத் தீவின் தெருக்களில் ஒளிவிட்டுச் செல்கிறது. ஊரில் உள்ளதை உள்ளபடியே கொண்டுபோவது இவ்வழி. இதற்குச் செல்வம் வேண்டும்; ஊரில் அந்தக் கைத்தொழில் உயிரோடிருக்கவும் வேண்டும்.

இரண்டாம் விடை மொரீசியத் தமிழரின் விடை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கைவினைஞராகவும், 1834-க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகவும் அங்குப் போனவர்களுள் பெரும்பாலோருக்கு வெள்ளித் தேர் வரவழைக்க வகையில்லை. தோளில் தாங்கும் காவடியை அத்தீவின் மலர்களாலும் தென்னங்குருத்தாலும் அழகு செய்தனர். மலர் எந்த மண்ணில் பூத்தால் என்ன, தோளில் ஏறியதும் அது காவடியாயிற்று. தைப்பூசம் இன்று அந்நாட்டில் பொது விடுமுறை நாள்.

பொருளைக் கொண்டுபோவதை விடப் பொருளின் வேலையைக் கொண்டுபோவதே சிறந்தது என்று இதனோடு முடித்துவிடலாம் போலத் தோன்றும். அவ்வளவு எளிதன்று. மொரீசியத் தமிழர் பெரும்பாலோர் வீட்டில் பேசும் மொழி இன்று கிரியோல். காவடி தோளில் இருக்கிறது, பாட்டும் நாவில் இருக்கிறது. பாட்டின் பொருள் பலருக்கு எட்டாமற் போய்விட்டது. பூவுக்கு மாற்றாக வேறு பூவை வைக்க முடிந்தது. மொழிக்கு மாற்றாக வேறு மொழி வந்தபோது இழப்பு நேர்ந்தது. எதற்கு மாற்று உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்தறிவதே கடல் கடந்தவனின் முதற்கடமை எனலாம்.

சில வேளைகளில் மாற்றைத் தேடும் கட்டாயம் வெளியிலிருந்தும் வருகிறது. காவடிக்கு மயிற்பீலி சிறப்பு. மயிலோ 1963 முதல் இந்தியாவின் தேசியப் பறவை. பீலியை ஏற்றுமதி செய்வதற்கு இந்திய அரசின் தடை இருக்கிறது. ஊரில் இயல்பாக உதிர்ந்த பீலியைக் கட்டிக் காவடி எடுக்கலாம். அதையே கப்பலேற்ற இயலாது. முருகனுக்குரிய பறவையின் நலம் கருதிய தடை என்பதால் முருகனடியார் அதனை ஏற்பதே முறை. அந்த இடத்தில் வேறெதைக் கட்டுவது என்பதை அந்தந்த நாட்டு அடியவரின் கற்பனையே முடிவு செய்ய வேண்டும்.

மாற்றுச் செய்வதில் செட்டிநாடும் பின்தங்கியதன்று. வெளிநாட்டிலிருந்து வந்த பூவேலைத் தரைக்கற்களைக் கண்ட ஆத்தங்குடிக் கைவினைஞர், உள்ளூர் மணலும் சிமெண்டும் கொண்டு கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் குழம்பை வார்த்துத் தமக்கென்று ஒரு கல்லைச் செய்துகொண்டனர். வடிவம் கடல் கடந்து வந்தது, மணல் இங்குள்ளது. இன்று அதற்கு ஆத்தங்குடிக் கல் என்றே பெயர்.

இன்றைய நிலை வேறு. இலண்டனிலோ டொராண்டோவிலோ ஒரு பெண் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஆயத்தமாகும்போது, தைத்த உடையும் சலங்கையும் தலைச்சாமானும் சவுரியும் சென்னையிலிருந்து சில நாட்களில் போய்ச் சேர்ந்துவிடும். வாடாத மல்லிகைச் சரமும் கூடவே போகும். அது துணியாலோ நெகிழியாலோ ஆனது. இதில் குறை சொல்ல எதுவுமில்லை. அந்நாட்டுக் குளிரில் மல்லிகைக்கு எங்கே போவது? கருத வேண்டியது ஒன்றே. அதே வாடாத சரம், மல்லிகை மலிந்த தமிழ்நாட்டு மேடைகளிலும் ஆடுவோர் கூந்தலில் ஏறிவிட்டது. தொலைவில் இருப்பவனுக்குத் தேவையால் வந்த மாற்று, அருகில் இருப்பவனுக்குச் சோம்பலால் வந்திருக்கிறது.

கவிஞர் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. பனி என்ற சொல் இந்தச் சீமையில் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியைச் சொல்லும். ஈழத்தை விட்டு வடபுலத்து நாடுகளுக்குப் போனவர்கள் கதவைத் திறந்தபோது முழங்கால் அளவு வெண்மை குவிந்து கிடந்தது. அதற்கும் அவர்கள் பனி என்றே பெயரிட்டு எழுதினர். புலம்பெயர்ந்தோர் சிறுகதைகளை இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் 1994-இல் தொகுத்தளித்தபோது அந்நூலுக்குப் 'பனியும் பனையும்' என்று பெயர் அமைந்தது. ஓரெழுத்து வேறுபாட்டில் இரண்டு நிலங்கள் அருகருகே நிற்கின்றன. பழைய சொல்லைப் புதிய நிலத்தின் மேல் பூசினர். முகம் புதிது, பூசிய மை தமிழ்.

உள்ளூர்க் கவிஞன் நிலை என்ன? காணாத அன்னமும் கேளாத குயிலும் அவன் பாட்டில் எளிதாக வந்து அமர்கின்றன. அவையும் வரவழைத்த சரக்குகளே. எந்த முகத்துக்காக யாரோ கலந்த நிறமோ, எடுத்துப் பூசிக்கொள்கிறான். கண்மாய்க் கரையின் கருவேலமும், பூட்டிய பெரிய வீட்டு முகப்பில் படிந்த தூசியும், ஆண்டுக்கு ஒருமுறை பேரப்பிள்ளைகளோடு வந்து திறக்கும் சாவியும் அவன் கைக்கெட்டும் தொலைவில் காத்திருக்கின்றன. அவற்றை இழைத்துக் குழைக்கும் உழைப்பை அவனுக்காக வேறொருவர் செய்து அனுப்ப முடியாது.

இவ்வட்டத்தின் பத்தாண்டுப் பணியை இந்த அளவில் வைத்துக் காண்பது பொருந்தும். கவிதையை வாய்விட்டு வாசித்து, ஒரு சொல் பொருந்தவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லி, சொன்னவரோடு மறு கூட்டத்திலும் ஒரே பாயில் அமர்வதற்கு ஓர் அவை வேண்டும். துரியோதனனின் சிவப்பைச் சிவப்பென்று படிக்கத் தெரிந்த கண்கள் எதிரே இல்லையேல் கூத்தன் பூசியது வெறும் சாயம். பெர்லின் குச்சியும் காரைக்குடி வெள்ளியும் கப்பலில் ஏறின. அத்தகைய அவையை அந்தந்த ஊரில் இருப்போரே கூடித்தான் உண்டாக்கிக்கொள்ள முடியும். பத்தாண்டுகள் அதனைக் காத்தவர்களுக்குப் பாராட்டு உரியது. அடுத்த பத்தாண்டில் கடல் கடந்து சென்ற இளைஞரின் கவிதைகளும் இங்கே வாசிக்கப்பெற்று, அதே கண்டிப்போடு திருத்தப்பெறல் வேண்டும்.