ஜுக்ரா அரண்மனையும் என் தாத்தாவின் சைக்கிளும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்மில் பலர் கேமரன் மலை, லங்காவி, கையில் கொஞ்சம் காசு இருந்தால் பாலி என்று கிளம்பிவிடுகிறோம். தவறில்லை. ஆனால் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து காரில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய ஒரு பழைய அரண்மனை இருக்கிறது. அதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நானே முப்பது ஆண்டுகளாக பி.ஜே.யில் குடியிருந்துவிட்டு அண்மையில்தான் போனேன். அதுவும் எண்பது வயதைத் தாண்டிய என் அம்மா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால்.

ஊரின் பெயர் ஜுக்ரா. கோல லங்காட் மாவட்டத்தில், பந்திங் பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிள்ளானிலிருந்து தெலுக் பங்ளிமா காராங், ஜெஞ்சாரோம் வழியாகப் போகவேண்டும். வழியெல்லாம் செம்பனைதான். மேடு பள்ளமில்லாத அந்த நிலத்தில் திடீரென்று ஒரு குன்று எழுந்து நிற்கும். அதுதான் புக்கிட் ஜுக்ரா. அந்தக் காலத்தில் மலாக்கா நீரிணையில் வந்த போர்த்துகீசிய மாலுமிகள், மணல் திட்டுகளில் சிக்கிக்கொள்ளாமலிருக்க இந்தக் குன்றை அடையாளமாக வைத்துக் கப்பல் ஓட்டினார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் பார்சலார்.

கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தை அறியாதவர் யார்? அது 1897-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் வாழ்ந்த இடம் இந்த லங்காட் கரை. பிரிட்டிஷ் ரெசிடென்ட் 1880-இல் நிர்வாகத்தைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றிக்கொண்ட பிறகும் சுல்தான் இங்கேதான் இருந்தார். 1874-இல் பிராங்க் சுவெட்டன்ஹாம் அவருக்குப் பக்கத்தில் வந்து தங்கினார். 1879-இல் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி வந்து அவரைச் சந்தித்துப் புத்தகத்திலும் எழுதினார். 1898-இல் காலமான சுல்தானின் சமாதி அந்தக் குன்றிலேயே இருக்கிறது.

அவருக்குப் பின் வந்தவர் அவருடைய பேரன் சுல்தான் அலாவுடின் சுலைமான் ஷா. நாங்கள் பார்க்கப்போன இஸ்தானா பண்டார் அவர் கட்டியது. 1905-இல் வேலை முடிந்தது. மஞ்சள் சுவர்கள், வளைவுகள், காற்று வர வைத்த மரச் செதுக்கு வேலைகள். ஒரு பக்கம் பார்த்தால் மொகலாயர் பாணி, இன்னொரு பக்கம் மலாய்க்காரர் வீடு. பக்கத்திலேயே அவர் கட்டிய பள்ளிவாசலும் உண்டு. நாங்கள் போன அன்று அரண்மனைக் கதவு சாத்தியிருந்தது. நீங்கள் போவதாக இருந்தால் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டையும் பந்திங்கிலேயே முடித்துக்கொள்வது நல்லது. சுற்றுலாத் தலம் என்றதும் வரிசையாகக் கடைகள் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்!

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அம்மாவுக்கு இல்லை. வேலி ஓரமாக மெதுவாக நடந்தவர், ஓரிடத்தில் நின்று, "இங்கதான்டா தாத்தா இறங்குவாரு" என்றார்.

என் தாத்தா அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். வேலை நேரம் போக ஆடு வளர்த்தார். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் விலை பேச இந்தக் கம்பத்துக்கு சைக்கிளில் வருவாராம். பின்னால் அம்மா. அரண்மனை தெரிந்ததும் இறங்கி, அதைக் கடக்கும் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போவாராம். ஏன் என்று அம்மா ஒருநாள் கேட்டிருக்கிறார். "தோட்டத்துல தொரையப் பாத்தா எறங்கணும்னாங்க. அதுக்குத்தான் ஸ்ட்ரைக் போட்டோம். இங்க யாரும் எறங்கச் சொல்லல. நானா எறங்குறேன்" என்றாராம்.

நேயர்களே, இது ஏதோ வீட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு வைக்கப்பட்ட கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு என்றும் கேட்டார்கள். அவ்வாண்டு மே மாதம் தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தனர். எனக்கு இவையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரியும். என் தாத்தாவும் அதில் நின்றவர் என்பது அந்த வேலி ஓரத்தில்தான் தெரிந்தது. இத்தனை வருடம் நான் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அம்மா பிறந்த தோட்டத்தைத் தேடினோம். பழைய பெயர்ப்பலகை இல்லை. லயம் இருந்த இடத்தில் தரைவீடுகள். ஆலமரத்தடி மாரியம்மன் கோயில் மட்டும் புதிய கோபுரத்தோடு நிற்கிறது. ஜுக்ராவில் அரண்மனை, சமாதி, பழைய போலீஸ் நிலையம்கூட அருங்காட்சியகமாகிவிட்டது, எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான். நூறாண்டு நம்மவர் குடியிருந்த லயங்களில் ஒன்றையாவது அப்படி வைக்கச் சொல்லி நாம் கேட்டோமா? மேம்பாட்டாளர் வந்தபோது இழப்பீட்டுக்கும் கோயில் நிலத்துக்கும் மனு எழுதினோம். வீட்டுக்கு எழுதத் தோன்றவில்லை. அந்த வீட்டில் பட்ட பாடு அப்படி என்று அம்மா சொல்கிறார். அதையும் மறுக்க முடியவில்லை.

அன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பிரட்டுக்களம் எங்கே, எந்த வீட்டில் யார், தண்ணீர்க் குழாயில் நடந்த சண்டைகள், துரையின் நாய் பெயர் உட்பட. இரண்டு புத்தகம் முடிந்துவிட்டது. அம்மா இன்னும் ஐந்தாவது லயத்தைத் தாண்டவில்லை.