எழுந்து நின்று நாலு வார்த்தை



திண்ணையில் வாய் ஓயாமல் பேசுகிறவர் உண்டு. சந்தையில் பேரம் பேசி ஜெயிக்கிறவர் உண்டு. அவரையே கூட்டத்தில் எழுந்து பேசச் சொல்லுங்கள். கால் நடுங்கும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். நினைத்து வந்தது எல்லாம் மறந்துபோகும். இதற்குச் சபைக் கூச்சம் என்று பெயர்.

இது படிக்காதவருக்கு மட்டும் வருவதா? இல்லை. பாரிஸ்டர் பட்டம் வாங்கியவருக்கும் வந்தது. அவர் யார் தெரியுமா? மகாத்மா காந்தி!

வாய் திறக்காத வக்கீல்

காந்தி 1888-ஆம் ஆண்டு சட்டம் படிக்க லண்டன் போனார். அங்கே சைவ உணவுக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்தார். நிர்வாகக் குழுவிலும் இருந்தார். ஆனால் குழுவில் பேச அவருக்கு வாயே வராது. ஒரு கூட்டத்துக்குப் பேச்சை எழுதியே கொண்டு போனார். ஒரு தாள் அளவுதான். படிக்க எழுந்தார். கண் மங்கியது. உடம்பு நடுங்கியது. உடன் வந்த நண்பர்தான் அதை வாங்கிப் படித்தார்.

1891-இல் காந்தி இந்தியா திரும்பினார். பம்பாயில் முதல் வழக்கு. அதற்குக் கட்டணம் 30 ரூபாய். எதிர்த் தரப்புச் சாட்சியை விசாரிக்க எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். "பணத்தைத் திருப்பித் தருகிறேன், வேறு வக்கீலை வையுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

வாய் எப்படித் திறந்தது?

1893-இல் காந்தி தென்னாப்பிரிக்கா போனார். அங்கே இந்தியர்கள் பட்ட அவமானத்தைப் பார்த்தார். தாமும் பட்டார். ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். பிறகு பிரிட்டோரியா நகரில் இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். வியாபாரத்தில் உண்மை வேண்டும், சுத்தம் வேண்டும், ஒற்றுமை வேண்டும் என்றார். அதுவே அவருடைய முதல் பொதுப் பேச்சு.

லண்டனில் வராத பேச்சு இங்கே எப்படி வந்தது? பேச வேண்டியதை முன்பே யோசித்து வைத்திருந்தார்.  "ஆங்கிலம் கற்க விரும்பினால் சொல்லித் தருகிறேன்" என்றும் கூறினார். மூன்று பேர் முன்வந்தார்கள். ஒருவர் முடி திருத்துபவர். ஒருவர் குமாஸ்தா. ஒருவர் சின்னக் கடைக்காரர். காந்தி அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கற்றுக் கொடுத்தார்.

அதோடு கூச்சம் ஓடிவிட்டதா? ஓடவில்லை. 1896-இல் பம்பாயில் பெரிய கூட்டம். மறுபடியும் நடுக்கம். குரல் எழும்பவில்லை. எழுதி வந்த பேச்சைக் கடைசியில் தீன்ஷா வாச்சா படித்தார். ஆனாலும் காந்தி பேசுவதை விடவில்லை. பிற்காலத்தில் அவர் பேச்சைக் கேட்க ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள்.

உடம்பு ஏன் நடுங்குகிறது?

பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது. அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. பல கண்கள் தன்னையே பார்க்கும்போதும் உடம்பு அப்படித்தான் செய்கிறது. இது நோய் அல்ல. கோழைத்தனமும் அல்ல. பேசத் தொடங்கியதும் பெரும்பாலும் தணிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

1. சொல்ல வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். மூன்று விஷயம் போதும்.

2. முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள். தொடக்கம்தான் கஷ்டம்.

3. வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். பிறகு மகளிர் குழுவிலோ படிப்பு மையத்திலோ பேசுங்கள். பிறகு பெரிய கூட்டத்தில் பேசுங்கள்.

4. எழுந்ததும் உடனே பேச வேண்டாம். மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துத் தொடங்குங்கள்.

5. வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். மேடைத் தமிழ் தேவை இல்லை.

6. மறந்துபோனால் சீட்டைப் பாருங்கள். அதில் வெட்கம் இல்லை.

7. என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி முடியுங்கள். "தெருவில் தண்ணீர் வரவில்லை" என்பதோடு நிறுத்த வேண்டாம். "எட்டு நாளாக வரவில்லை. குழாயை எப்போது சரி செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.

எதற்காகப் பேச வேண்டும்?

1993 ஏப்ரல் 24 அன்று 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள். படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் அதில் இல்லை. ஊராட்சிப் பதவிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றும் ஆனது.

நாற்காலி கிடைத்தது. ஆனால் பல ஊர்களில் தலைவி சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகக் கணவர் பேசுகிறார். தலைவிக்கு விஷயம் தெரியாமலா? தண்ணீர் சுமப்பவர் அவர்தான். ரேஷன் கடையில் நிற்பவரும் அவர்தான். தெரிந்ததைச் சபையில் சொல்லத்தான் கூச்சம்.

சொல்லாத குறை தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. சொன்ன பிறகும் அது எழுதப்பட்டதா என்று பாருங்கள். இப்போது உங்களுக்கே படிக்கத் தெரியும். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு சீட்டு எடுங்கள். உங்கள் தெருவின் குறை ஒன்றை எழுதுங்கள். நாளை மையத்தில் ஒவ்வொருவரும் எழுந்து இரண்டு நிமிடம் பேசுங்கள். கால் நடுங்கினால் நடுங்கட்டும். பேச்சு நிற்க வேண்டாம்.