நேட்டிவிட்டி, நாமினி, நோட்டரி: எல்லைக் கிராமத்து வீடுகளுக்கு ஒரு பேச்சு

பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர், குன்னத்துக்கால், வெள்ளறடைப் பக்கம் இருந்து கேட்கிற எல்லாருக்கும், பொழியூர்க் கடற்கரையில் இருந்து கேட்கிறவர்களுக்கும் இந்தப் பேச்சு.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை வரிசையாக வைத்துப் பொருள் சொல்லித் தருவது பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்த்ததுதான். இன்றைக்கு நானும் ஓர் எழுத்தை எடுத்துக்கொள்கிறேன். ‘என்’ என்ற எழுத்து. ஆனால் வாசிப்புப் புத்தகத்தில் வரும் சொற்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. வில்லேஜ் ஆபீஸிலும் அக்‌ஷயா மையத்திலும் பாங்கிலும் நம் முன்னால் நீட்டுகிற தாளில் வரும் சொற்களைப் பற்றித்தான் பேச்சு. நேட்டிவிட்டி, நேஷனாலிட்டி, நான் கிரீமி லேயர், நாமினி, நோட்டரி, நோ அப்ஜெக்‌ஷன். கேட்பதற்கு எல்லாம் ஒரே மாதிரி சர்க்கார் சொற்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எண்ணிக்கொண்டால் பிள்ளையின் கல்லூரி இடம் போகும், நிலம் போகும், பணத்துக்குக் கோர்ட் ஏற வேண்டிவரும்.

நமக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையையும் சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அது நடக்கவில்லை, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் கல்யாண உறவு நிற்கவில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது பளுகலில், அண்ணன் கடை வைத்திருப்பது களியக்காவிளையில், நம் வீடு இஞ்சிவிளையில். ஆகவே இந்தச் சொற்களுக்குப் பொருள் கேட்கப் போகிற இடமும் பெரும்பாலும் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் அக்கரை உறவுதான். அவர்கள் சொல்வது அவர்கள் மாநிலத்துக்குச் சரி. நம் மாநிலத்தில் அதே சொல் வேறு வேலை செய்யும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

முதலில் நேட்டிவிட்டி. பக்கத்திலேயே நேஷனாலிட்டி என்று ஒரு கட்டம் இருக்கும். நேஷனாலிட்டி என்றால் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்கிறார்கள். அங்கே இந்தியன் என்று எழுதினால் போதும். நம் அரசியல் சட்டத்தில் மாநிலத்துக்கென்று தனிக் குடியுரிமை கிடையாது. கேரளம் என்றோ தமிழ் என்றோ அந்தக் கட்டத்தில் எழுதக் கூடாது. நேட்டிவிட்டி அப்படி இல்லை. நீங்கள் எந்த மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்று கேட்கும் சொல் அது. கல்லூரிச் சேர்க்கையிலும் சர்க்கார் வேலையிலும் மாநிலத்துக்கு ஒதுக்கிய இடத்துக்குத் திறவுகோல் இதுதான்.

நம் வழக்கப்படி தலைப்பிரசவம் அம்மை வீட்டில். அம்மை வீடு விளவங்கோடு பக்கம் என்றால் பிள்ளை பிறக்கிற ஆஸ்பத்திரி குழித்துறையிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கும். பிறப்புச் சான்று தமிழ்நாடு சர்க்கார் தருவது. பிள்ளை வளர்வதும் படிப்பதும் பாறசாலையில். பதினேழு வயதில் கேரளத்து எஞ்சினீயரிங், மெடிக்கல் சேர்க்கைக்கான கீம் விண்ணப்பத்தில் நேட்டிவிட்டி என்ற கட்டம் வரும்போதுதான் வீட்டில் பதற்றம் தொடங்கும். பதற வேண்டியதில்லை. பிறந்த இடம் கேரளம் என்று காட்டும் எஸ்.எஸ்.எல்.சி. பக்கமோ பிறப்புச் சான்றோ பாஸ்போர்ட்டோ இருந்தால் அதையே ஏற்பார்கள். பிள்ளை அக்கரையில் பிறந்திருந்தால், தாயோ தகப்பனோ கேரளத்தில் பிறந்தவர் என்பதற்கான தாளையும், அவருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவைக் காட்டும் தாளையும் சேர்த்துக் கொடுக்க வழி இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் நேட்டிவிட்டி சான்று கேட்டு வில்லேஜ் ஆபீஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த வருஷத்து விளக்கக் குறிப்பை எடுத்து, எந்தத் தாள் செல்லும் என்று வரி வரியாகப் பாருங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் செய்கிற காரியம் இல்லை இது. பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் கொஞ்சம்பேர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளியில் படிக்கிறார்கள். தமிழ்நாட்டு எஞ்சினீயரிங் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர் வேறு மாநிலத்தவர் என்றாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவரைப் பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள். சாதி ஒதுக்கீடு கிடைக்காது. இந்தப் பின்பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை. எட்டாம் வகுப்பில் பள்ளி மாற்றும்போதே தெரிந்திருந்தால் குடும்பம் வேறு முடிவு எடுத்திருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு மாநிலத்திலும் நேட்டிவிட்டி வாங்கி இரண்டு இடத்திலும் மாநில ஒதுக்கீடு கேட்பது. 2017-இல் தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையில் இரட்டை நேட்டிவிட்டிப் புகார் உயர் நீதிமன்றம் வரை போனது. கிடைத்த இடமே பறிபோகக்கூடிய காரியம்.

அடுத்தது நான் கிரீமி லேயர். நம் பக்கத்தில் அதிகம் குழப்புகிற சொல் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிற்பட்ட சாதியில் வசதியால் மேலே போய்விட்ட குடும்பத்தை கிரீமி லேயர் என்கிறார்கள். அந்த அடுக்கில் நாம் இல்லை என்று சொல்கிற சான்றுதான் நான் கிரீமி லேயர். சாதிச் சான்று வேறு, இது வேறு. இன்ன சாதி என்று ஒன்று சொல்லும், ஒதுக்கீட்டுக்குத் தகுதி இன்னும் இருக்கிறது என்று மற்றது சொல்லும்.

களியக்காவிளை மாமா என்ன சொல்வார்? “அதெல்லாம் வேண்டாம் மக்களே, சாதி சர்ட்டிபிகேட் போதும்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் விலக்கு கிடையாது. அவர் பிள்ளை மத்திய சர்க்கார் வேலைக்கோ மத்திய கல்வி நிறுவனத்துக்கோ போகும்போது மட்டும்தான் இது தேவைப்படும். கேரளத்தில் மாநில ஒதுக்கீட்டுக்கே இது வேண்டும். 1992-இல் மண்டல் தீர்ப்பு வந்த பிறகு, இங்கே அப்படி முன்னேறிய அடுக்கே இல்லை என்று 1995-இல் கேரளம் ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. 1999 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து இக்கரைக்கும் அக்கரைக்கும் இந்த விஷயத்தில் வழக்கம் வேறு.

வருமான எல்லை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். இங்கே கவனமாகக் கேளுங்கள். இந்தக் கணக்கில் தாய் தகப்பனின் சம்பளத்தைச் சேர்ப்பதில்லை, விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. கடை, வாடகை போன்ற மற்ற வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்குப் பதவியின் தரத்தை வைத்துத் தனி அளவு உண்டு. கொஞ்சம் வயல் வைத்திருப்பதாலேயே, அல்லது இரண்டுபேர் சம்பளம் வாங்குவதாலேயே, நமக்குக் கிடைக்காது என்று நினைத்துப் பொதுப் பிரிவில் விண்ணப்பித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உரிமையை அறியாமல் விட்டுக்கொடுப்பது எனக்குப் பெரிய வேதனை. மாநிலத் தேவைக்கு வில்லேஜ் ஆபீஸரும் மத்திய தேவைக்குத் தாசில்தாரும் தருவார்கள். ஆகவே விண்ணப்பத்தில் என்ன தேவைக்கு என்ற கட்டத்தைச் சரியாக நிரப்ப வேண்டும்.

சாதியின் பெயரையும் இந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கேரளப் பட்டியலில் இந்து நாடார் என்றும் எஸ்.ஐ.யு.சி. நாடார் என்றும் தனித்தனியாக இருக்கிறது. தமிழ்நாட்டுச் சான்றில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதினால் இங்கே திருப்பி அனுப்புவார்கள். நம் பள்ளிப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

இனி நாமினி. பாங்கில், தபாலாபீஸில், எல்.ஐ.சி.யில் எல்லாம் கேட்பார்கள். நாமினி என்று யார் பெயரை எழுதுகிறோமோ அவருக்கே பணம் சொந்தம் என்றுதான் பெரும்பாலானோர் எண்ணுகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை. வாரிசுகளுக்குச் சேர வேண்டியதை அவர் பெற்றுக் கொடுக்க வேண்டும். பாங்குக் கணக்கைப் பற்றி 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கல்யாணத்துக்கு முன் தம்பியை நாமினியாகப் போட்டவர் பிறகு மாற்றாமலே இறந்துபோனால், பாங்கு தம்பி கையில்தான் பணத்தைக் கொடுக்கும். அது மனைவி, பிள்ளை முதலான வாரிசுகளுக்குச் சேர வேண்டிய பணம். தம்பி நல்லவராக இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வருஷக்கணக்கில் நிற்க வேண்டும்.

இன்ஷூரன்ஸில் கொஞ்சம் வேறுபாடு உண்டு. 2015-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தாய், தகப்பன், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாகப் போட்டால் பணத்தின் பயனும் அவருக்கே என்று வைத்தார்கள். பாங்கு டெபாசிட்டில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். சொத்து யாருக்குச் சேர வேண்டும் என்று உங்களுக்கு ஒரு தீர்மானம் இருந்தால் அதை உயிலில் எழுதுங்கள். நாமினிக் கட்டம் அந்த வேலையைச் செய்யாது.

வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு இரண்டு சொல், அதுவும் ‘என்’தான். என்.ஆர்.இ. கணக்கு வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ. கணக்கு இங்குள்ள வாடகை, கரை விளைச்சல் போன்ற வருமானத்துக்கு. அதன் வட்டிக்கு வரி பிடிப்பார்கள். போகும்போது வைத்திருந்த சாதாரணக் கணக்கை அப்படியே விட்டுவிடக் கூடாது, மாற்ற வேண்டும். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதால், வெளிநாடு போனவர்களுக்கான கேரள சர்க்கார் துறையான நோர்கா நமக்கில்லை என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தவர் என்றால் நோர்கா உங்களுக்கும்தான்.

நோட்டரியைப் பற்றிச் சுருக்கமாக. நோட்டரி சீல் அடித்துத் தருவது, இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதற்கான சாட்சி. பத்திரம் பதிவது வேறு காரியம். நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தை விற்க ரிஜிஸ்டர் செய்த ஆதாரம் வேண்டும் என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. நோட்டரி சீல் உள்ள உடன்படிக்கைத் தாளை நம்பி முழுப்பணமும் கொடுத்து நிலம் வாங்காதீர்கள். கேரளத்து நிலம் கேரளத்திலும், தமிழ்நாட்டு நிலம் தமிழ்நாட்டிலும் ரிஜிஸ்டர் ஆக வேண்டும். அதற்குப் பிறகு போக்குவரவு, அதாவது வில்லேஜ் ஆபீஸில் பெயர் மாற்றம், செய்து உங்கள் பெயரில் கரம் கட்டி ரசீது வாங்குங்கள். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு முடிகிற கல்யாணமோ விவாகரத்தோ சட்டத்தில் கிடையாது என்பதையும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

நோ அப்ஜெக்‌ஷன், அதாவது என்.ஓ.சி. ஆட்சேபம் இல்லை என்ற தாள். மார்த்தாண்டத்தில் பழைய பைக் வாங்குகிறவர்களுக்கு இது இரண்டு வரும். கடன் தீர்ந்தது என்று பாங்கோ பைனான்ஸ் கம்பெனியோ தருவது ஒன்று. வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்று ஆர்.டி. ஆபீஸ் தருவது இன்னொன்று. முதலாவதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். டி.என். 75 வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டினால் கே.எல். 19-க்கோ 20-க்கோ மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு இரண்டாவது தாள் இல்லாமல் முடியாது.

‘நேம்’ என்ற கட்டத்தையும் விட்டுவிட முடியாது. தமிழ்வழிப் பள்ளியில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால், மலையாளப் பதிவில் பின்னால், ஆதாரில் தகப்பன் பெயர் முழுதாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் ‘ஒன் அண்ட் சேம்’ சான்று தருவார்கள். பாஸ்போர்ட்டுக்கு ஓடும்போது தேடாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

எந்தத் தாளானாலும் கவுண்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எந்த மாநிலத்துக்கு? எந்தத் தேவைக்கு? பதில் புரியவில்லையென்றால் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். தமிழில் எழுதிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்லலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு சொல்கிறது. 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் ஆபீஸுக்கும் அது பொருந்தும். எழுதிக் கொடுத்தால் தேதி போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

இன்று ராத்திரி வீட்டில் உள்ள பாஸ்புக்குகளை எடுத்து முன்பக்கத்தைப் பாருங்கள். நாமினேஷன் ரிஜிஸ்டர்ட் என்று இருக்கிறதா? அம்மை பெயரிலும் பாட்டி பெயரிலும் உள்ள கணக்குகளையும் சேர்த்துப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே கிளைக்குப் போய் அந்தப் படிவத்தை வாங்கி நிரப்பிக் கொடுங்கள்.