வட்டி இறங்கினால் வீடு இறங்குமா?



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் சங்கப் பாடல்களில் இல்லறம் பற்றி அருமையாகப் பேசி அமர்ந்தார். அந்த இல்லறத்தை நடத்த ஒரு இல்லம் வேண்டுமே, அதற்கு மாதத் தவணை எவ்வளவு என்று சொல்வதற்காக என்னை அழைத்திருக்கிறார்கள். வங்கியில் வீட்டுக்கடன் மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த இலக்கியம் அந்தக் கடன் பத்திரம்தான்.

ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன். பேனா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

2021-ஆம் ஆண்டு. 35 வயதுக்காரர் ஒருவர் 50 லட்சம் ரூபாயில் ஏற்கெனவே கட்டி முடித்த வீடு ஒன்றைப் பார்க்கிறார். அந்த விலைக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, கடன் 40 லட்சம். மீதி 10 லட்சம் கையிலிருந்து வரவேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கடன் கணக்கில் சேராது, அதுவும் கைக்காசுதான். இன்றைய விகிதத்தில் 7-ம் 2-ம் 9 சதவீதம், நாலரை லட்சம். பத்திரப்பதிவு அலுவலகத்துப் படி ஏறும் முன்பே பதினான்கரை லட்சம் கரைந்துவிட்டது. சேமிப்பு, மனைவியின் நகை, மாமனார் கைமாற்று எல்லாம் அதில் போயாயிற்று.

அப்போது ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம். ஆறரை சதவீதத்துக்கு வீட்டுக்கடன் கிடைத்த காலம். 20 வருடத்துக்கு மாதம் 29,823 ரூபாய். சம்பளத்தில் பாதி போனாலும் பரவாயில்லை, சொந்த வீடாயிற்றே என்று கையெழுத்துப் போட்டார்.

2022 மே 4-ஆம் தேதி, வழக்கமான கூட்டம் வரும்வரை கூடக் காத்திருக்காமல் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றியது. அதன்பின் படிப்படியாக ஏற்றி, 2023 பிப்ரவரியில் ரெப்போ ஆறரை சதவீதத்தில் நின்றது. மொத்தம் இரண்டரை சதவீதப் புள்ளி. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் அந்த அளவுகோல் ரெப்போதான். அங்கே ஏறினால் மூன்று மாதத்துக்குள் இங்கேயும் ஏறும். நம்மவர் கடன் ஒன்பது சதவீதத்துக்குப் போய்விட்டது.

கணக்கு எளிதாக இருக்க, இரண்டு வருடம் கழித்து ஒரே நாளில் ஏறியதாக வைத்துக்கொள்வோம். அதுவரை தவறாமல் கட்டியும் பாக்கி அசல் 37 லட்சத்து 91 ஆயிரத்துச் சொச்சம். அதற்கு ஒன்பது சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டும் சுமார் 28,440 ரூபாய். அவர் கட்டுவது 29,823. அசலுக்குப் போவது ஆயிரத்து நானூறு ரூபாய்க்கும் குறைவு! தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், 18 வருடம் பாக்கியிருந்த கடன் 34 வருடம் ஓடும். 71 வயதில்தான் வீடு அவருக்குச் சொந்தம். அதே 18 வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் தவணை 35,500 ரூபாயைத் தொடும்.

பல வீடுகளில் இது நடந்தது. வங்கியிலிருந்து கடிதம் வந்தது, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. தவணைத் தொகை மாறவில்லை, ஆகவே ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள். கடைசியில் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன்தாரரைக் கேட்டாக வேண்டும் என உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. கேட்டார்களா என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, வட்டியை ஏன் ஏற்றினார்கள்? உக்ரைன் போருக்குப் பிறகு எண்ணெய் ஏறியது, கோதுமை ஏறியது, விலைவாசி கை மீறியது. நாலு சதவீதத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது ரிசர்வ் வங்கியின் சட்டப்படியான கடமை. அந்த விலைவாசிக் குறியீட்டில் தக்காளி உண்டு, துவரம்பருப்பு உண்டு, வீட்டு வாடகை உண்டு. வீட்டின் விலை கிடையாது! மேடவாக்கத்தில் மனை விலை இரண்டு மடங்கானாலும் குறியீட்டுக்குத் தெரியாது. தக்காளிக்காக ஏற்றிய வட்டியை வீடு வாங்கியவர் கட்டினார்.

பிறகு காற்று திசை மாறியது. 2025 பிப்ரவரியில் தொடங்கிக் குறைத்தார்கள். ஜூன் மாதத்துக்குள் ரெப்போ ஐந்தரைக்கு வந்துவிட்டது. இனி வீடு எல்லோருக்கும் எட்டும் என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம். எட்டுமா? அதே 29,823 ரூபாய் தவணை கட்டக்கூடிய ஒருவருக்கு ஒன்பது சதவீதத்தில் 33 லட்சத்துச் சொச்சம் கடன் கிடைக்கும். எட்டு சதவீதத்தில் ஏறக்குறைய 35 லட்சத்து 65 ஆயிரம் கிடைக்கும். கூடுதலாக இரண்டரை லட்சம். மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கணக்குப் போடத் தெரிந்தவர் நீங்கள் மட்டுமா? விற்பவரிடமும் அதே கால்குலேட்டர் இருக்கிறது. புரோக்கரிடம் இன்னும் நல்லதாகவே இருக்கிறது. 'சார், இப்போ லோன் நிறைய கிடைக்குதே' என்று அவர்தான் முதலில் சொல்வார். அந்த இரண்டரை லட்சம் வாங்குபவர் பையிலேயே நிற்குமா, விலையில் ஏறி விற்பவர் பைக்குப் போகுமா என்பதை ரிசர்வ் வங்கி தீர்மானிப்பதில்லை. அந்தப் பகுதியில் நிலம் யார் கையில் முடங்கியிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான்.

வட்டி இறங்கும்போது இன்னொரு காரியமும் சேர்ந்து நடக்கிறது. வைப்புத்தொகை வட்டியும் இறங்குகிறது. பணம் வைத்திருப்பவர், பேங்கில் போட்டு என்ன கண்டோம், ஒரு மனையில் போடுவோம் என்று கிளம்புகிறார். ஆக, ஒரே வட்டிக் குறைப்பு இரண்டு பேரைச் சந்தைக்கு அனுப்புகிறது: குடியிருக்க வீடு தேடுபவர் ஒருவர், பணத்தை நிறுத்திவைக்க இடம் தேடுபவர் ஒருவர். முதலாமவருக்குக் கடன் வேண்டும், சட்டக் கருத்து வேண்டும், மதிப்பீட்டாளர் வரவேண்டும், மூன்று வாரமாவது ஆகும். இரண்டாமவர் மறுநாள் காலை பணத்தோடு வருவார். அதில் பாதி வெள்ளையில் வராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், மேடை நாகரிகம் கருதி அதோடு விடுகிறேன். விற்பவர் யாருக்குக் கொடுப்பார்?

வட்டி ஏறும்போதாவது முதலாமவருக்கு வழி பிறக்குமா என்றால், அதுவும் இல்லை. வட்டி ஏறினால் கடன் வாங்குபவர்தான் வரிசையை விட்டு விலகுகிறார். ரொக்கக்காரருக்கு ரெப்போ எவ்வளவு இருந்தால் என்ன?

இந்த ரொக்கக்காரரைத்தான் முதலீட்டாளர் என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அமெரிக்கச் செய்திகள்தான் நினைவுக்கு வரும். 2008 நெருக்கடியில் பறிபோன வீடுகளைப் பிளாக்ஸ்டோன் நிறுவனம் 2012-லிருந்து பீனிக்ஸ், அட்லாண்டா போன்ற ஊர்களில் ஆயிரக்கணக்கில் வாங்கி வாடகைக்கு விட்டது. அதிலிருந்து வளர்ந்த இன்விடேஷன் ஹோம்ஸ் நிறுவனத்திடம் இன்று 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. அங்கே கடனில் வீடு வாங்குபவருக்கு ஒரு வசதி உண்டு, 30 வருடத்துக்கும் ஒரே வட்டி. 2021 ஜனவரியில் 2.65 சதவீதத்தில் வாங்கியவருக்கு, 2023 அக்டோபரில் சந்தை வட்டி 7.79 ஆனபோதும் தவணை மாறவில்லை. அதனாலேயே அவர் வீட்டை விட்டு நகர மறுக்கிறார், விற்பனைக்கு வீடு வருவதில்லை. புதிதாக வாங்குபவர் வெளியே நிற்கிறார். நம் ஊரில் உள்ளே இருப்பவருக்கும் இடி, வெளியே நிற்பவருக்கும் இடி.

நம் ஊர் முதலீட்டாளரைத் தேட நியூயார்க் போக வேண்டாம். இந்த மண்டபத்திலேயே இருக்கிறார். கை தூக்க வேண்டாம், சும்மா உட்காருங்கள்!

ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி மதுராந்தகம் வரை ஒருமுறை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். வளைவு கட்டி நகரின் பெயர் எழுதியிருக்கும். உள்ளே முப்பதடிச் சாலை, வரிசையாகக் கல் நட்ட மனைகள், பூங்காவுக்கு ஒதுக்கிய மூலையில் துருப்பிடித்த ஊஞ்சல். மனையெல்லாம் விற்றுத் தீர்ந்து வருடக்கணக்காகியிருக்கும். குடிவந்திருப்பது சீமைக் கருவேலம். உரிமையாளர் வருடத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு காரில் வந்து கல் நட்ட இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வழியில் டிபன் சாப்பிட்டுத் திரும்புவார். பெண் கல்யாணத்துக்கு, பையன் படிப்புக்கு என்று வாங்கியது. ஓய்வூதியம் இல்லாத வேலையில் இருப்பவர், பங்குச் சந்தையைக் கண்டு பயப்படுபவர், வேறு என்ன செய்வார்? அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவரைப் போல ஐந்நூறு பேர் சேரும்போது என்ன ஆகிறது? உண்மையாகவே வீடு கட்ட வேண்டியவர் அந்த ஐந்நூறு காலி மனையையும் தாண்டி இன்னும் பத்து கிலோமீட்டர் போகிறார். குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் பேருந்தும் அவர் பின்னாலேயே போக வேண்டியிருக்கிறது. செலவு யாருடையது?

கட்டிய வீட்டுக்கும் இதே கதைதான். ஒரு கோடி ரூபாய் அடுக்ககத்துக்கு மாதம் 25 ஆயிரம் வாடகை வந்தால் வருடத்துக்கு மூன்று சதவீதம். சேமிப்புக் கணக்குக்குச் சற்று மேலே. வாடகைக்காக யாரும் அதை வாங்குவதில்லை, விலை ஏறும் என்று வாங்குகிறார்கள். அப்படி வாங்கியவருக்கு வாடகைதாரரே தொல்லை. பூட்டிப் போட்டுவிடுகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்தவை ஒரு கோடியே 11 லட்சம். அடுத்த வருடம் மத்திய அரசின் நிபுணர் குழு கணித்த நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை ஒரு கோடியே 88 லட்சம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வீடு கட்டி வாடகைக்கு விடுபவரை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர் இல்லாவிட்டால் இந்த நகரத்துக்கு வேலை தேடி வரும் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள்? பூட்டிப் போடுபவரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சட்டம் இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கிறதா? 2019 நிதிநிலை அறிக்கையில் இரண்டாவது வீட்டையும் சொந்தக் குடியிருப்பு என்று காட்டிக்கொள்ள வழி செய்தார்கள். அதுவரை பூட்டிக் கிடந்தாலும் ஒரு கற்பனை வாடகைக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. அது போயிற்று. இன்று வருமான வரியின் புதிய முறையில், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. வாடகைக்கு விட்ட வீடு என்றால் வாடகை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வாடகைக்கு வரி விதிப்பதால் செலவைக் கழிக்க விடுகிறோம் என்று வரி அலுவலர் சொல்வார், அதில் நியாயம் உண்டு. ஆனால் முதல் வீடு வாங்கும் ஆசிரியைக்கு அந்த நியாயத்தால் என்ன லாபம்?

சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவினர்களைக் கேளுங்கள். அங்கே குடிமகனே இரண்டாவது வீடு வாங்கினால் 2023 ஏப்ரலிலிருந்து கூடுதல் முத்திரை வரி 20 சதவீதம், மூன்றாவதற்கு 30, வெளிநாட்டவருக்கு 60. அரசு வீடு வாங்கினால் குறைந்தது ஐந்து வருடம் குடியிருந்த பிறகே விற்கலாம். இங்கே முதல் மனை வாங்குபவருக்கும் 9 சதவீதம், ஏழாவது மனை வாங்குபவருக்கும் அதே 9. அங்கே வரிக்குப் பயந்து ஒற்றை வீட்டோடு நிற்பவர் இங்கே வந்து மனை வாங்குகிறார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெண்கள் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் நம் அரசு சலுகை தந்தது, பாராட்ட வேண்டியதுதான். சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டுமாம். தாம்பரத்தில் 10 லட்சத்துக்கு என்ன கிடைக்கும் என்று இங்கே இருக்கும் தாய்மார்களே சொல்லட்டும்.

நமக்கு வழி தெரியாமல் இல்லை. அண்ணா நகரையும் கே.கே. நகரையும் உருவாக்கியது வீட்டுவசதி வாரியம். 1970-களின் கடைசியில் உலக வங்கிக் கடனோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சாலையும் குழாயும் போட்ட சிறு மனைகளை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் கொடுத்தார்கள். அவரவர் முடிந்தபோது முடிந்த அளவு கட்டிக்கொண்டார்கள். இன்று போய்ப் பாருங்கள், மாடி மேல் மாடி. அரசே மனை கொடுத்த இடத்தில் ஊர் உருவானது. 1978-இல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டமும் வந்தது. விலக்குகளே சட்டத்தைத் தின்றன, 1999-இல் அதை எடுத்துவிட்டார்கள். மறுபடி அதைக் கொண்டுவரச் சொல்லவில்லை. கையில் இருக்கும் காலிமனை வரியைச் சரியாகப் போட்டாலே போதும். இன்று அது ஒரு குடும்பம் ஒருவேளை ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. முதல் மனைக்கு அப்படியே இருக்கட்டும். இரண்டாவது, மூன்றாவது மனைகள் கட்டாமல் கிடக்கும் ஒவ்வொரு வருடமும் ஏறட்டும். மாநகராட்சி வார்டுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டியவர்கள் நீங்கள்தான். உங்களில் சிலருக்கே வலிக்கும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று. வாசலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு என்னோடு வேலை பார்த்த நண்பர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கடன் அறிக்கையைக் கொண்டுவரச் சொல்லித் துண்டறிக்கையிலேயே போட்டிருந்தோம். கொண்டுவந்தவர்கள் அதில் இரண்டு வரியைத் தேடுங்கள்: உங்கள் வட்டி ரெப்போவோடு கட்டப்பட்டிருக்கிறதா, இன்னும் எத்தனை மாதம் பாக்கி. வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியவர்களுக்கு அந்த ரெப்போ விதி பொருந்தாது, அவர்கள் முதலில் வரட்டும். கடன் வாங்கியபோது சொன்ன மாதக் கணக்கும் இப்போதைய கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் வங்கிக்கு எழுத வேண்டிய கடிதத்தை அங்கேயே எழுதிக் கொடுப்பார்கள்.